ஹனோயில் இரண்டு திதிகள்

2023 ஜனவரி முதல் வாரத்தில் வியட்நாம் தலைநகர் ஹனோயில் உள்ள அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். துணி அனுப்பும் மில்கள், எங்கள் தையல் ஆலை, பேக்கிங் பிரிவு என்று எல்லோருக்கும் ஒரே கடிதம். “சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு முன்” எந்தெந்த ஆர்டர் முடிந்து ஷிப்மெண்ட் ஆக வேண்டும் என்று ஓர் அட்டவணை. திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்த காலம் முழுக்க இப்படித்தான் எழுதிப் பழக்கம். சீனாவிலிருந்து ஜிப்பும் பட்டனும் வரத் தாமதமாகும் அந்த மூன்று வாரத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்.

பத்து நிமிடம் இருக்கும். எதிர் மேஜைப் பெண் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். “அண்ணா, அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாற்றி மறுபடியும் அனுப்புகிறீர்களா? இது எங்கள் தெத்.” தெத் என்றால் வியட்நாமியரின் சந்திரப் புத்தாண்டு. அவள் குரலில் கோபம் இல்லை. ஆனால் கேட்டுவிட்டு, நான் மாற்றி அனுப்பும்வரை அங்கேயே நின்றாள்.

அந்த ஒரு வார்த்தை அவளை ஏன் அப்படி நிற்க வைத்தது என்று எனக்கு விளங்க ஒரு வருடம் ஆயிற்று. வியட்நாமுக்கு வேலைக்கோ படிக்கவோ வரும் நம்மவர்கள் இப்போது கூடிக்கொண்டே போகிறார்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டதை அவர்களாவது முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2022 ஜூனில் இங்கே வந்தேன். வந்தவன் கண்ணுக்கு எல்லாமே சீனமாகத்தான் தெரிந்தது. சிவப்புக் காகித விளக்கு, ஊதுபத்திப் புகை, சாப்பாட்டுக் குச்சி, கோயில் வாசல் தூணில் செங்குத்தாக எழுதிய சீன எழுத்து, பிறந்த வருடத்துக்கு ஒரு மிருகம். அப்படித் தெரிவதில் தப்பும் இல்லை. கி.மு. 111-ல் சீனாவின் ஹான் பேரரசு இந்தச் சிவப்பாற்றுச் சமவெளியைப் பிடித்தது. கி.பி. 938-ல் பாக் டாங் ஆற்றில் வியட்நாமியத் தளபதி ஙோ குயென் சீனக் கப்பற்படையை முறியடிக்கும்வரை, நடுவில் சில இடைவெளிகள் நீங்கலாக, ஏறத்தாழ ஆயிரம் வருடம் இது சீன ஆட்சியில் இருந்த மண். அவ்வளவு காலம் கூட இருந்தால் எழுத்து, சட்டம், சாமி, சமையல் எல்லாம் வரத்தான் செய்யும்.

ஆனால் எங்கள் அலுவலகம் இருந்த தெருவின் பெயர் லீ தூங் கியெத். அதற்கு ஒரு பக்கம் இணையாக ஓடும் தெரு ஹாய் பா ச்சுங், மறுபக்கம் ச்சன் ஹுங் டாவ். மூன்றையும் தினமும் தாண்டிப் போவேன். யார் இவர்கள் என்று ஒருநாள் கேட்டபோதுதான் தெரிந்தது. ஹாய் பா ச்சுங் என்றால் ச்சுங் சகோதரிகள் இருவர், கி.பி. 40-ல் ஹான் ஆட்சியை எதிர்த்துக் கிளம்பியவர்கள். லீ தூங் கியெத் 1075-ல் சீனாவின் சோங் பேரரசின் எல்லைக்குள்ளேயே படை எடுத்துப் போன தளபதி. ச்சன் ஹுங் டாவ், சீனாவை ஆண்ட மங்கோலியர்களை 13-ஆம் நூற்றாண்டில் விரட்டியவர். வடக்கிலிருந்து வந்த படைகளோடு மோதியவர்களின் பெயரைச் சொல்லாமல் இந்த நகரத்தில் ஒருவர் வீட்டு முகவரிகூடச் சொல்ல முடியாது.

இனி இன்னொரு கணக்கு. சீன ஞானி கன்ஃபூசியசுக்கு லீ வம்சத்து வியட்நாமிய அரசர் ஹனோயில் வான் மியூ என்ற கோயிலைக் கட்டியது 1070-ல். அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் அரசுத் தேர்வு முதன்முதலாக நடந்தது 1075-ல். அதே வளாகத்தில் உயர்கல்விக்கூடம் தொடங்கியது 1076-ல். சோங் பேரரசோடு போர் நடந்தது 1075-லிருந்து 1077 வரை. அதாவது, எல்லையில் யாரோடு சண்டை நடந்ததோ அவர்களுடைய ஆசானின் நூல்களைத்தான் தலைநகரில் பிள்ளைகள் உட்கார்ந்து பாடம் படித்தார்கள். படிப்பு வேறு, அடிபணிவது வேறு என்று ஆயிரம் வருடத்துக்கு முன்பே பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள். எனக்கு இந்த ஊரின் மேல் மரியாதை வந்தது இந்த நான்கு ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த அன்றுதான்.

அந்த வான் மியூவுக்கு நான் முதலில் போனது வரலாறு பார்க்க இல்லை. 2022 நவம்பர் 3-ஆம் தேதி அம்மா போய்விட்டார். ஊருக்குப் போய்க் காரியம் முடித்துவிட்டு மாதக் கடைசியில் திரும்பினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அறையில் இருக்க முடியவில்லை. மரமும் குளமும் உள்ள இடமாக எங்காவது உட்கார வேண்டும் என்று போனேன். ஐந்து முற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக. மூன்றாவதில் ஒரு சதுரக் குளம்; அதன் இருபுறமும் கல் ஆமைகள் முதுகில் கல்வெட்டுகளைச் சுமந்து வரிசையாக நிற்கின்றன. மொத்தம் 82. 1442 முதல் 1779 வரை தேர்வில் வென்றவர்களின் பெயரும் ஊரும் அவற்றில் இருக்கின்றன. தேர்வுக்கு முன் மாணவர்கள் வந்து தடவித் தடவி ஆமைத் தலைகள் வழவழவென்று ஆகியிருக்கின்றன. இப்போது கிட்டே போக முடியாதபடி தடுப்பு வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கல்லில் உள்ள ஓர் எழுத்தைக்கூட இன்றைய வியட்நாமியர்களில் பெரும்பாலோரால் படிக்க முடியாது. எல்லாம் சீன எழுத்து. தங்கள் பேச்சை எழுதுவதற்கென்று அந்த எழுத்துகளைக் கூட்டியும் மாற்றியும் சூ நோம் என்ற எழுத்துமுறையை இவர்களே உண்டாக்கினார்கள். அதுவும் வழக்கில் இல்லை. 1919-ல் கடைசி அரசுத் தேர்வு நடந்து முடிந்தது. ஐரோப்பியப் பாதிரியார்கள் உருவாக்கிய லத்தீன் எழுத்துதான் இன்று பள்ளிக்கூடத்தில். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர், அதாவது என் வீட்டுக்கார அம்மாள், ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய தாத்தா கைப்பட எழுதிய கடிதக் கட்டு ஒன்று தகரப் பெட்டியில் இருக்கிறது. எடுத்துக் காட்டினார். “முப்பது வருடம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். இதைப் படிக்கத் தெரியாது” என்றார். பிறகு மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்தார்.

எழுத்து போனாலும் சொல் போகவில்லை. மொழி கற்க வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடிய பெரிய உதவி இது. வியட்நாமியச் சொற்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். மூன்று மாதம் அப்படிச் செய்து ஒன்றும் நிற்கவில்லை எனக்கு. சீனத்திலிருந்து வந்த சொற்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று துண்டுகளின் கூட்டு. துண்டைப் பிடித்தால் குடும்பமே கைக்கு வரும். ‘ஹோக்’ என்றால் கற்பது. ஹோக் சிங், மாணவர். டாய் ஹோக், பல்கலைக்கழகம். ‘டியென்’ என்றால் மின்சாரம். டியென் தோவாய், தொலைபேசி. டியென் ஆங், சினிமா. நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு துண்டு என்று எழுதிக்கொண்டே வந்தேன். நான்கு மாதத்தில் ஆலை அறிவிப்புப் பலகையைப் படிக்க முடிந்தது. நம் தமிழில் ‘தொலை’ என்ற துண்டை வைத்துத் தொலைபேசி, தொலைக்காட்சி, தொலைநோக்கி என்று பிள்ளைகள் தாமாகப் பிடித்துக்கொள்வதைப் போலத்தான்.

அந்தக் குடும்பம் எல்லை தாண்டியும் இருக்கிறது. பல்கலைக்கழகம் சீனத்தில் தாஷுவே, ஜப்பானில் தைகாக்கு, கொரியாவில் தேஹாக், இங்கே டாய் ஹோக். ஒரே இரண்டு எழுத்துகள், நாலு நாட்டு உச்சரிப்பு. ஆனால் போக்குவரத்து ஒருவழிப்பாதை என்று நினைத்துவிடக் கூடாது. தத்துவம், சமூகம், பொருளாதாரம் ஆகியவற்றுக்கு இங்கே உள்ள சொற்கள் சீன எழுத்துகளால் ஆனவை. ஆனால் அவற்றுக்கு இன்றைய பொருளைக் கொடுத்தவர்கள் 19-ஆம் நூற்றாண்டு ஜப்பானிய அறிஞர்கள். ஐரோப்பியக் கருத்துகளுக்குப் பெயர் தேடியபோது பழைய சீனத் துண்டுகளை எடுத்துப் பொருத்தினார்கள். அங்கிருந்து அவை சீனாவுக்கே திரும்பிப் போயின, வியட்நாமுக்கும் வந்தன.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சொல் ஒன்றாக இருந்தாலும் பொருள் ஊருக்கு ஊர் நகர்ந்திருக்கும். சீனத்தில் போஷி என்றால் முனைவர் பட்டம் பெற்றவர். அதே எழுத்துகளின் வியட்நாமிய ஒலி பாக் சீ. இங்கே அவர் மருத்துவர். முனைவருக்கு இங்கே என்ன பெயர் தெரியுமா? தியென் சீ. ஆமை முதுகுக் கல்லில் உள்ளவர்கள் எல்லோரும் தியென் சீ தேர்வில் தேறியவர்கள்தான். சீனாவில் அந்தப் பட்டப்பெயர் பழைய தேர்வோடு வரலாற்றுக்குப் போய்விட்டது. இங்கே இன்றும் பல்கலைக்கழகப் பேராசிரியரின் விசிட்டிங் கார்டில் இருக்கிறது. சீனம் தெரிந்த எங்கள் ஆள் ஒருவர் அந்தத் தைரியத்தில் வியட்நாமிய ஒப்பந்தம் ஒன்றைத் தானே படித்துப் பொருள் சொன்னார். ஒரு பதவிப் பெயரைத் தவறாக எடுத்துக்கொண்டதில் கையெழுத்துப் போட வேண்டியவரே மாறிப்போனார். பத்து நாள் வீண். சீனம் தெரிந்தால் கற்க எளிது. ஆனால் ஒப்பந்தத்துக்கு இந்த ஊர் மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு சொத்து இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. இந்நாட்டில் மிகப் பரவலான குடும்பப் பெயர் ஙுயென். வெள்ளைக்காரர்கள் திணறும் பெயர். ‘ஙப் போல் வளை’ என்று சின்ன வயதில் சொல்லிப் பழகியவனுக்கு அது முதல் நாளே வந்துவிடும். வீட்டுக்கு ‘ஞா’. சொல்லுக்கு முதலில் வரும் ங அரிச்சுவடியோடு போய்விட்டது என்று இருந்தேன். ஹனோயில் ஙவும் ஞவும் தினமும் பயன்படுகின்றன. ஒரே அசையின் பொருளை மாற்றிவிடும் ஆறு சுரங்கள்தான் கஷ்டம். அதற்கு வழி, வெட்கப்படாமல் சந்தையில் பேசுவது ஒன்றுதான்.

இன்னொரு சொத்து, உறவுமுறை. ‘நான்’, ‘நீ’ என்று பொதுவாகப் பேசிவிட முடியாது. எதிரில் உள்ளவர் அண்ணனா, அக்காவா, தம்பியா, சித்தப்பா வயதா, பெரியப்பா வயதா என்று தெரிந்தால்தான் வாயையே திறக்க முடியும். அதனால்தான் பார்த்தவுடன் வயது கேட்கிறார்கள். ஐரோப்பியர்களுக்கு இது அநாகரிகமாகப் படுகிறது. நமக்கு அப்படிப் பட வேண்டிய அவசியமே இல்லை. நம்மைப் போலவே இங்கும் அப்பாவின் அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு வேறு சொல். வடக்கில் பெற்றோரைவிட மூத்தவர் ஆணோ பெண்ணோ ‘பாக்’. என் வீட்டுக்கார அம்மாளை முதல் நாள் ‘மேடம்’ என்றேன். பதிலே வரவில்லை. மறுநாள் ‘பாக்’ என்றேன். உட்காரச் சொல்லி டீ ஊற்றினார். என்னை அவர் அழைப்பது ‘ச்சாவ்’. அண்ணன் தம்பி பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் உள்ள சொல். இந்த உறவுச் சொற்களில் சில சீனத்திலிருந்து வந்தவை. ஆனால் அந்நியரையும் உறவு சொல்லி வாய் நிறையக் கூப்பிடுவதை நான் எங்கள் ஊருக்கு அடுத்து இங்கேதான் கேட்டேன்.

இனி தெத். அமாவாசையை வைத்துக் கணிக்கும் நாள்காட்டி சீனத்திலிருந்து வந்ததுதான். ஆனால் வியட்நாம் தன் கடிகாரத்துக்கு, பெய்ஜிங்குக்கு ஒரு மணி நேரம் பின்னால் உள்ள நேரத்துக்குக் கணிக்கிறது. அமாவாசை நள்ளிரவை ஒட்டி விழும் வருடங்களில் அந்த ஒரு மணி நேரம் ஒரு நாளையே மாற்றிவிடும். 2007-ல் இங்கே பிப்ரவரி 17, சீனாவில் 18. 1985-ல், சில வருடங்களில் கூடுதலாக வரும் அதிமாதத்தின் கணக்கே மாறி, இங்கே ஜனவரி 21, சீனாவில் பிப்ரவரி 20. ஒரு முழு மாத வித்தியாசம். 2023-ல் இருவருக்கும் ஜனவரி 22 என்று ஒன்றாக வந்தது. ஆனால் சீனாவுக்கு அது முயல் வருடம். வியட்நாமுக்குப் பூனை வருடம். மாட்டுக்குப் பதில் இங்கே எருமை. நெல் விளையும் சேற்று நிலத்தில் வேறெது இருக்கும்?

பன்னிரண்டாம் மாதம் 23-ஆம் நாள் அடுப்புத் தெய்வங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்ல வானத்துக்குப் போகும் நாள். சீனாவில் போவது ஓர் அடுப்புத் தெய்வம். அங்கே நல்லதாகச் சொல்லட்டும் என்று வாயில் இனிப்புத் தடவி அனுப்புவார்கள். இங்கே மூன்று பேர்: ஒரு பெண், அவளுடைய முதல் கணவன், இரண்டாம் கணவன். போவது கெண்டை மீன் மேல். அதனால் உயிருள்ள கெண்டையை வாங்கி ஏரியிலும் ஆற்றிலும் விடுகிறார்கள். நானும் வீட்டுக்கார அம்மாளான பாக்கோடு சிவப்பாற்றின் மேலுள்ள லோங் பியென் பாலத்துக்குப் போனேன். “மீனை விடுங்கள், பையை விடாதீர்கள்” என்று அட்டை பிடித்துக்கொண்டு இளைஞர்கள் நின்றார்கள். வாளியைக் கயிற்றில் கட்டி மீனைப் பத்திரமாகத் தண்ணீர் வரை இறக்கிவிட்டு, காலிப் பிளாஸ்டிக் பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மேலிருந்து எறிந்தால் மீன் செத்துவிடும். போகிறவர்கள் மீனை அவர்களிடம் கொடுங்கள்.

அதற்கு ஐந்து நாள் கழித்துப் பான் ச்சுங் என்ற தெத் அரிசிப் பண்டம் கட்டினோம். நகரத்தில் நிறையப் பேர் இப்போது கடையில் வாங்குகிறார்கள். எங்கள் சந்தில் மட்டும் நான்கு குடும்பம் சேர்ந்து கட்டியது. டோங் என்ற அகல இலையைக் கழுவித் துடைத்து, பளபளப்பான பக்கம் உள்ளே வருமாறு மடித்து, ஊறிய ஒட்டரிசி ஒரு அடுக்கு, வேகவைத்து மசித்த பாசிப்பருப்பு ஒரு அடுக்கு, நடுவில் பன்றி இறைச்சி, மறுபடி பருப்பு, மறுபடி அரிசி. சதுரமாக மடித்து மூங்கில் நாரால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்ட வேண்டும். இறுக்கினால் அரிசி உப்ப இடமிருக்காது. தளர்த்தினால் தண்ணீர் புகுந்துவிடும். பாக்கின் விரல்கள் கண்ணை விடவும் வேகமாக ஓடின. எனக்காக நான்கு மட்டும் இறைச்சி இல்லாமல் கட்டி, அடையாளத்துக்குச் சிவப்பு நூல் சுற்றினார். சந்து முனையில் பெரிய தகரப் பானையை ஏற்றி இரவு முழுவதும் தீ எரித்தோம், பத்து மணி நேரம். தண்ணீர் குறையக் குறையக் கொதிநீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பொங்கலுக்கு முந்தின நாள் அம்மா விறகை வெயிலில் காயவைத்துவிட்டுத் தூங்காமல் இருப்பார். அன்றிரவு அந்தத் தீக்கு முன்னால் உட்கார்ந்து யாருக்கும் தெரியாமல் அழுதேன்.

இந்தப் பண்டத்துக்கு இவர்கள் சொல்லும் கதை, ஹுங் அரசரின் ஏழை மகன் லாங் லியெவ் அரிசியால் பூமியைச் சதுரமாகவும் வானத்தை வட்டமாகவும் செய்து படைத்து அரியணை பெற்றான் என்பது. வானம் வட்டம், பூமி சதுரம் என்பது பழைய சீனக் கருத்து. ஆனால் அதை ஓர் ஏழைப் பிள்ளையின் கையில் அரிசியாகக் கொடுத்தது இந்த மண். ஙுயென் ஸூ எழுதிய கியெவ் காவியமும் அப்படித்தான். கதை ஒரு சீன நாவல். ஆனால் 3,254 அடிகளும் ஆறசை, எட்டசை என்று மாறி வரும் இந்நாட்டுச் சந்தம். பாக்குக்கு அதில் பெரும்பகுதி மனப்பாடம். வால்மீகியின் கதைதானே என்று கம்பனை யாராவது ஒதுக்கினால் நமக்கு எப்படி இருக்கும்? அலுவலகப் பெண் ஏன் என் மேஜைப் பக்கம் நின்றாள் என்பது அங்கேதான் எனக்குப் பிடிபட ஆரம்பித்தது.

வேலை விஷயத்தில் ஒரு வார்த்தை. தெத்துக்கு அரசு விடுமுறை ஏறத்தாழ ஒரு வாரம்தான். ஆனால் வெளி மாவட்டத் தொழிலாளர்கள் அதற்கு முன்பே கிளம்புவார்கள். சிலர் திரும்ப வர மாட்டார்கள். துணி சீனாவிலிருந்து வருவதென்றால் அங்குள்ள மில்களும் அதே சமயம் மூடிக் கிடக்கும். முன்னால் மூன்று வாரம், பின்னால் இரண்டு வாரம் கழித்துத்தான் இப்போது நான் டெலிவரித் தேதி கொடுக்கிறேன். போனஸாகத் தரும் பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தைத் தெத்துக்கு முன் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். கடனையும் வருடம் பிறக்குமுன் தீர்ப்பதுதான் இங்கே மரியாதை.

புத்தாண்டுக் காலையில் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். ஏழு மணிக்குக் குளித்துவிட்டு, திருப்பூரிலிருந்து கொண்டுவந்திருந்த இனிப்புப் பெட்டியோடு மாடியிலிருந்து இறங்கிப் பாக்கின் கதவைத் தட்டினேன். அவர் வெளியே வந்து, கதவைப் பின்னால் சாத்திக்கொண்டு, இரண்டு கையாலும் பெட்டியை வாங்கினார். சிரித்தார், வாழ்த்தினார். உள்ளே வா என்று சொல்லவில்லை. ஆறு மாதமாகத் தினமும் டீ கொடுத்தவர். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மூன்று நாள் அறையைவிட்டு வரவில்லை.

அலுவலகப் பெண்ணிடம் தொலைபேசியில் சொன்னபோது அவள் மெதுவாகக் கேட்டாள்: “அண்ணா, உங்கள் அம்மா இறந்து வருடம் திரும்பவில்லையே?” வருடம் பிறந்ததும் வீட்டுக்குள் முதலில் காலெடுத்து வைப்பவரைப் பொறுத்துத்தான் அந்த வருடம் அமையும் என்பது நம்பிக்கை. சோங் டாத் என்று அதற்குப் பெயர். வீட்டுக்காரரின் பிறந்த வருடத்துக்குப் பொருந்தும் ஆளாகப் பார்த்து முன்பே சொல்லி வைப்பார்கள். துக்க வீட்டுக்காரர் அன்று யார் வீட்டுக்கும் போகக் கூடாது. கேட்டதும் எனக்குள் எல்லாம் தெளிந்தது. அந்த வருடம் எங்கள் வீட்டிலும் பொங்கல் வைக்கவில்லை. அண்ணன் எந்தக் கல்யாண வீட்டுக்கும் போகவில்லை. எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்திருந்த ஒன்று வேறு ஊரில் இருக்காது என்று நான் எப்படி நினைத்தேன்? ஆகவே வருபவர்களுக்குச் சொல்கிறேன்: தெத் முதல் நாள், அழைப்பு இல்லாமல் யார் வீட்டு வாசலும் மிதிக்காதீர்கள். இரண்டாம், மூன்றாம் நாள் போங்கள். அந்த மூன்று நாளும் வீடு கூட்டக் கூடாது, அதிர்ஷ்டத்தை வெளியே தள்ளுவதாகும். பிள்ளைகளுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் சிவப்பு உறையில் புது நோட்டு வைத்துக் கொடுங்கள். தொகை பெரிதாக இருக்க வேண்டாம், நோட்டு கசங்காமல் இருக்க வேண்டும்.

நான்காம் நாள் காலை கீழே போய் மன்னிப்புக் கேட்டேன். பாக் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் முன்னோர் மேடைக்கு எதிரே உட்கார வைத்தார். மேலே அவருடைய மாமனார், மாமியார், கணவர் படங்கள். நடுவில் மணல் நிரப்பிய ஊதுபத்திக் கிண்ணம். அதை நகர்த்தவே கூடாது. துடைத்தாலும் ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் துடைக்க வேண்டும். பத்தி ஒற்றைப்படையில் ஏற்ற வேண்டும். சாப்பிடும்போது குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். இறந்தவருக்கு வைக்கும் சோற்றில்தான் அப்படிக் குத்துவார்கள். இதை ஒரு விருந்தில் நான் அறியாமல் செய்து, பக்கத்திலிருந்தவர் சட்டென்று எடுத்துப் படுக்க வைத்திருக்கிறார்.

“உன் அம்மா என்றைக்குப் போனார்?” என்று கேட்டார். தேதி சொன்னேன். எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய பழைய நாள்காட்டிக் கட்டைக் கொண்டுவந்தார். நம் வீட்டுத் தினசரி காலண்டர் போலவே கிழிக்கும் தாள்; மேலே ஆங்கிலத் தேதி, கீழே சந்திர நாள், நல்ல நேரம். விரலால் தடவிப் பார்த்து, “பத்தாம் மாதம் பத்தாம் நாள்” என்றார். ஐப்பசி வளர்பிறை தசமி என்று எங்கள் ஊர் ஐயர் சொன்ன அதே நாள். நாங்களும் பிறையை வைத்துத்தான் திதி கொடுக்கிறோம் என்று எனக்குத் தெரிந்த வியட்நாமியத்தில் சொன்னேன். அவர் ஒரு காகிதத்தில் எழுதி, நாள்காட்டி ஆணியில் குத்தி வைத்தார்.

அன்று மாலை வான் மியூவுக்கு எதிரிலுள்ள ஏரிக்கரைக்குப் போகச் சொன்னதும் அவர்தான். தெத் சமயத்தில் அங்கே வரிசையாக எழுத்து எழுதுபவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நல்வாழ்வு, அமைதி, நீண்ட ஆயுள், பொறுமை என்று வேண்டிய ஒற்றை எழுத்தைச் சிவப்புத் தாளில் வாங்கிப்போய் வீட்டில் மாட்டுவார்கள். வாங்குவது என்று சொல்லக் கூடாது; ‘எழுத்தை வேண்டிப் பெறுவது’ என்பதுதான் வழக்கு. பேரம் பேசாதீர்கள், இரண்டு கையால் வாங்குங்கள். கறுப்பு அங்கியும் தலைப்பாகையுமாக இருந்த ஒரு முதியவரிடம் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் மையை அரைத்துக்கொண்டே இருந்தார். பிறகு ‘ஹியெவ்’ எழுதினார். பெற்றோரைப் பேணுதல். மேலே உள்ள பாதி ‘முதியவர்’ என்ற எழுத்தின் பகுதி, கீழே உள்ளது ‘பிள்ளை’. தூரிகையின் நுனியால் காட்டினார்: பிள்ளை பெரியவரைத் தாங்கி நிற்கிறது. கீழே சிறிய எழுத்தில், நான் படிக்கக்கூடிய லத்தீன் எழுத்திலும் அதையே எழுதிக் கொடுத்தார்.

உணவைப் பற்றிச் சுருக்கமாக. நம்மில் சைவம் சாப்பிடுபவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பௌத்தம் இங்கே வலுவாக இருக்கிறது. சந்திர மாத முதல் நாளும் பௌர்ணமியும் நிறையப் பேர் சைவம்தான். ‘அன் ச்சாய்’ என்றால் போதும். ஆனால் கூடவே மீன் சாறும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள், கீரை வதக்கலில்கூட ஊற்றிவிடுவார்கள்.

2023 அக்டோபர் 24, ஐப்பசி வளர்பிறை தசமி. ஊரில் அண்ணன் திதி கொடுத்தான். நான் அறையில் விளக்கேற்றி, பச்சரிசிச் சோறும் பருப்பும் வாழைக்காயும் வைத்துக் கும்பிட்டேன். பாக் வரவில்லை. மறந்திருப்பார், வயதானவர் என்று நினைத்துக்கொண்டேன். நானும் நினைவுபடுத்தவில்லை.

நவம்பர் 22, புதன்கிழமை. காலை ஆறரைக்குக் கதவு தட்டப்பட்டது. பாக் கையில் தட்டு. பம்ப்ளிமாஸ், வாழைப்பழச் சீப்பு, வெள்ளைச் செவ்வந்தி, மூன்று ஊதுபத்தி. தட்டின் ஓரத்தில் ஆணியில் குத்தியிருந்த அந்தக் காகிதம். “இன்று உன் அம்மாவின் ‘ஸோ’. பத்தாம் மாதம் பத்து” என்றார். ‘ஸோ’ என்றால் திதி.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு இருவரும் நாள்காட்டியை விரித்துவைத்துக் கணக்குப் பார்த்தோம். நாம் திதியைப் பிறையில் பார்த்தாலும் மாதத்தைச் சூரியனில் பிடிக்கிறோம். ஐப்பசி என்றால் ஐப்பசிக்குள் வரும் தசமி. இவர்களுக்கு மாதமும் பிறைதான். அந்த வருடம் இரண்டாம் மாதம் இரண்டு தடவை வந்ததால் எல்லாம் ஒரு மாதம் தள்ளிப் போயிருந்தது. போன மாதமே கும்பிட்டுவிட்டேன் என்று சொல்லத் தயங்கினேன். சொன்னேன்.

“உங்கள் கணக்கில் ஒரு நாள், எங்கள் கணக்கில் ஒரு நாள். உன் அம்மா இரண்டு நாளும் வருவார்” என்று சொல்லிவிட்டு, தட்டை அம்மா படத்துக்கு முன்னால் வைத்து, பத்தியைப் பற்றவைக்கத் தீப்பெட்டி கேட்டார்.